வெள்ளத்தில் பார்த்த ஊருக்கு மறுபடியும்

2017 நவம்பரில் நாங்கள் வியட்நாமின் ஹோய் ஆன் போய் இறங்கிய மறுநாளே ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகி ஐந்து மாதம். அதுதான் நாங்கள் சேர்ந்து போன முதல் வெளிநாட்டுப் பயணம். தாம்ரே புயல் தெற்கே கரையேறியிருந்தது. அந்த மழையில் து போன் ஆறு கரை மீறியது. காலையில் காபி குடிக்கக் கீழே இறங்கிய இவர், பாதிப் படியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். அதற்குக் கீழே படிகள் தெரியவில்லை, பழுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது.

நாங்கள் தங்கியிருந்தது ஆற்றங்கரைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய மரவீட்டில். வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். அவர் பதறவே இல்லை. அந்த ஊர்ப் பழைய வீடுகளில் மேல்தளப் பலகையில் ஒரு சதுரத் திறப்பு இருக்கும். வெள்ளம் வந்தால் சாமான்களை அதன் வழியாகக் கயிறு கட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். அரிசி மூட்டை, தையல் மெஷின், சாமி மாடத்துப் படங்கள் என்று ஒவ்வொன்றாக மேலே வந்தன. இவரும் கயிறு பிடித்து இழுத்தார். இரண்டு ராத்திரி எல்லோரும் மாடியில்தான். ஒற்றை அடுப்பில் சோறும் முட்டையும். குடிதண்ணீரும் ரொட்டியும் படகில் வந்தன.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஒன்று கற்றுக்கொண்டேன். முழுக்க வடியும்வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர் இறங்க இறங்க, அதே தண்ணீரை வாரி அடித்துச் சேற்றை வெளியே தள்ளிவிட வேண்டும். விட்டால் இறுகிப்போகும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் துடைப்பச் சத்தம். நானும் ஒரு துடைப்பம் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 2017 என்று எழுதினார். அதற்குக் கீழேயும் மேலேயும் வேறு வருஷங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 1964.

ஊர் சுற்றிப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் வீடு திரும்பிய பிறகு, ‘மறுபடி எங்கே போகலாம்’ என்ற பேச்சு வந்தாலே இரண்டு பேரும் இந்த ஊர்ப் பெயரைத்தான் சொன்னோம்.

அந்த மறுபடி வருவதற்கு ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. கோவிட், குழந்தை, இவர் வேலை மாற்றம். கடைசியில் 2025 மார்ச்சில், மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, கோலாலம்பூர் வழியாக டானாங் போய் இறங்கினோம். அங்கிருந்து டாக்ஸியில் 30 கிலோமீட்டர். அதே சந்து, அதே வீடு. கதவருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எங்களைச் சற்று நேரம் பார்த்தார். அப்புறம் இவரைக் கைகாட்டி, “லுத்! லுத்!” என்றார். வெள்ளம் என்று அர்த்தம். கயிறு இழுப்பது போல இரண்டு கையாலும் செய்து காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் அவரை ‘கோ’ என்று கூப்பிடுவோம். அப்பாவின் தங்கைக்கு அங்கே சொல்லும் முறை அது, நம் அத்தை மாதிரி. அங்கே ‘நீ’, ‘நீங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அக்காவா, தம்பியா, அத்தையா, சித்தப்பாவா என்று முறை பார்த்துத்தான் பேச வேண்டும். நமக்கு இது புதிதா என்ன? மொழி தெரியாமலேயே அந்த ஊரில் ஒட்டிக்கொள்ள முடிந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த முறை ஊரைப் பார்த்தோம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜப்பானிய, சீன வணிகர்கள் வந்து தங்கிய துறைமுகம் இது. பிறகு ஆறு மண்மேடிட்டு, பெரிய கப்பல்கள் டானாங் பக்கம் போய்விட்டன. வியாபாரம் போனதால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. 1980களில் இங்கே வந்த போலந்துக் கட்டடக் கலைஞர் காஸிமியெஷ் க்வியாட்கோவ்ஸ்கி, இந்த வீடுகளைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று விடாமல் பேசியவர். ஊர்க்காரர்களுக்கு அவர் காஸிக். 1997இல் இறந்தார். 1999இல் யுனெஸ்கோ ஹோய் ஆனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததை அவர் பார்க்கவில்லை. பழைய ஊருக்குள் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம்.

ஊரின் பழைய, கூரை போட்ட ஜப்பானியப் பாலத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் மனசு ஒட்டவில்லை. 2022 கடைசியில் பிரித்துப் பழுதுபார்க்கத் தொடங்கி, 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள். வண்ணம் புதுசாக இருந்தது. இவர் பர்ஸிலிருந்து 20,000 டாங் நோட்டை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் பாலத்தையும் எதிரே நின்ற பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நாலு மழை பார்த்தா சரியாகிடும்” என்றார். அந்த ஊர் மழை தெரிந்தவர் சொன்னது; ஒப்புக்கொண்டேன். உள்ளே போனால் நாய்ச் சிலைகளும் குரங்குச் சிலைகளும் ஆளுக்கொரு முனையில் காவல் காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தன.

கூட்டம் பல மடங்கு கூடிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆற்றில் தண்ணீரை விடப் படகுதான் அதிகம். காலை ஐந்தரைக்கு எழுந்துகொள்ளுங்கள். மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும், சந்தைக்கு சைக்கிளில் கீரை கொண்டுபோகிறவர்களும்தான் இருப்பார்கள்.

மார்ச் 13, சந்திரக் கணக்கில் பதினாலாம் நாள். நமக்கு மாசிப் பௌர்ணமி. மாதாமாதம் அந்த ராத்திரி பழைய ஊரில் மின்விளக்குகளை அணைத்து, துணி விளக்குகளை மட்டும் ஏற்றுவார்கள். முழு நிலா நாளில் பல வீடுகளில் சைவச் சாப்பாடு. அதை ‘சாய்’ என்கிறார்கள். நான் சைவம் என்பதால் மறுநாள் முழுக்க எனக்குக் கொண்டாட்டம். கோ எனக்காகக் காளான் போட்டுக் காவ் லாவ் செய்தார். தடித்த, கொஞ்சம் பழுப்பேறிய நூடுல்ஸ், மேலே ட்ரா க்வே கிராமத்துக் கீரைகள், மொறுமொறு துண்டுகள், அடியில் ஒரு கரண்டிச் சாறு. பழைய முறைப்படி அந்த நூடுல்ஸுக்கு பா லே கிணற்றுத் தண்ணீரும், சாம் தீவு மரத்தின் சாம்பலும் வேண்டும் என்பார்கள். இவர் வழக்கமான பன்றி இறைச்சி போட்டதை, கடையில் தினமும் சாப்பிட்டார்.

ஒரு நாள் மீ சன் போனோம். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம்பா அரசர்கள் நாலாம் நூற்றாண்டிலிருந்து கட்டிய சிவன் கோயில்கள். அங்கே சிவனுக்கு அரசன் பத்ரவர்மன் தன் பெயரைச் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று வைத்தான். அங்கிருந்த மிகப் பெரிய கோபுரம் 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் நொறுங்கியது. 2020இல் நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று, ஒரே கல்லில் செய்தது, மண்ணுக்குள் இருந்து கிடைத்தது. குண்டு விழுந்த குழிகளில் புல் முளைத்திருந்தது. வெறும் செங்கல், மணி இல்லை, விளக்கு இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

கிளம்பும்போது கோ ஒரு சிவப்புத் துணி விளக்கை மடக்கி என் பையில் வைத்தார். இவர் அந்தச் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் கடைசியில் செய்தியில் ஹோய் ஆன் வந்தது. மறுபடி வெள்ளம், பழைய ஊர் முழுகிக் கிடந்தது. கோவின் மகனுக்குச் செய்தி அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. அதே சுவர், ஈரம் காயவில்லை. 2017 கோட்டுக்கு மேலே புதுசாக ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் 2025. ஓரத்தில் துடைப்பம் பிடித்த கை ஒன்று தெரிந்தது. அது கோவின் கைதான்.