பள்ளி திறந்தால் போதாது, வண்டியும் வேண்டும்

மலேசியாவின் பினாங்கில், இந்திய முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வட்டாரத்தின் பழங்கதை பேசும்போது, "அந்தக் காலத்தில் நம் பெண்பிள்ளைகளைப் படிக்கவே விடவில்லை" என்று யாராவது முடித்துவிடுகிறார்கள். குர்ஆன் ஓத விட்டார்களே! அலிஃப், பே என்ற அரபு எழுத்துகளில் தொடங்கி, 30ஆம் ஜுஸ்உவின் (குர்ஆனின் கடைசிப் பாகம்) சின்ன சூராக்கள் (அத்தியாயங்கள்), பிறகு முழுக் குர்ஆன். அந்த எழுத்து கைவந்த பெண்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களையும் வாசித்தார்கள். வாசிப்பில் சிக்கலில்லை, பேனா பிடிப்பதில்தான் சிக்கல். எழுதக் கற்றால் காதல் கடிதம் எழுதுவாள் என்ற பயம் இந்தியாவிலும் மலாயாவிலும் ஒன்றுபோலவே இருந்தது.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் பெண் பள்ளிகள் இல்லாமலும் இல்லை. லைட் ஸ்திரீட் கான்வென்ட் 1852இல் வந்தது, செயின்ட் ஜார்ஜ் 1885இல். இரண்டும் கிறிஸ்தவர்கள் நடத்தியவை என்பதால் முஸ்லிம் வீடுகள் தயங்கின. அப்படியானால் சொந்தமாக ஒரு பள்ளி நடத்த என்னென்ன தேவைப்பட்டது? இதற்குத் தெளிவான பதில் கல்கத்தாவில் கிடைக்கிறது. 1867 வரை பினாங்கையும் ஆண்ட நகரம்தான் அது.

வங்காள முஸ்லிம் எழுத்தாளர் ரொக்கையா சகாவத் ஹுசைனின் கணவர் பெண் பள்ளிக்கென்றே 10,000 ரூபாய் ஒதுக்கிவிட்டு 1909இல் இறந்தார். அதே ஆண்டு பீகாரின் பாகல்பூரில் ரொக்கையா பள்ளியைத் தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறில் அங்கே இருக்க முடியாமல் கல்கத்தாவுக்கு வந்து, 1911 மார்ச்சில் 8 பிள்ளைகளோடு வாலியுல்லா சந்தில் மறுபடி ஆரம்பித்தார்.

காசும் கட்டடமும் இருந்தும் பிள்ளை வராது. பர்தா வீட்டுப் பெண்பிள்ளை தெருவில் நடக்கக் கூடாதே, அதனால் பள்ளியே வண்டி அனுப்ப வேண்டும். பள்ளிக்கு வந்த மோட்டார் பஸ்ஸைப் பற்றி ரொக்கையாவே எழுதியிருக்கிறார். நாலு பக்கமும் அடைப்பு. முன் கதவுக்கு மேலே ஒன்று, பின் கதவுக்கு மேலே ஒன்று என 3 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு வலைத்துண்டுகள். காற்று வர அவ்வளவுதான் வழி. முதல் நாளே பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், சிறிசுகள் இருட்டுக்குப் பயந்து அழுதன. அடைப்பை நீக்கித் திரை தொங்கவிட்டார்கள். அப்போதும் சிலருக்கு மயக்கம், சிலருக்குத் தலைவலி. அதற்குள் கண்டனக் கடிதங்கள் வந்துவிட்டன: காற்றில் திரை பறக்கிறது, பர்தா போகிறது, சரிசெய்யாவிட்டால் உருது பத்திரிகைகளில் எழுதுவோம். மூடினால் பிள்ளைக்கு மூச்சுமுட்டும், திறந்தால் பள்ளிக்குப் பெயர் கெடும். படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

வண்டிக்கு அடுத்த தலைவலி, வாத்தியாரம்மா. பெண்பிள்ளைகளுக்குப் பெண்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் படித்த முஸ்லிம் பெண் எங்கே இருந்தாள்? மதராஸ், கயா, ஆக்ரா என்று வெளியூர்களிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி கல்கத்தாவில் 1919இல்தான் வந்தது.

பினாங்கிலும் பெண் கல்வி பற்றிய வாதம் பலமாகவே நடந்தது. சீர்திருத்த எழுத்தாளர் செய்யது ஷேக் அல்ஹாதி 1926இல் தொடங்கிய அல்-இக்வான் இதழில் எகிப்திய எழுத்தாளர் காசிம் அமீனின் பெண் விடுதலைக் கருத்துகளை மலாயில் கொண்டுவந்தார். 1927இல் பினாங்கின் ஜெலுத்தோங்கில் சொந்த அச்சகமும் வைத்தார். அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அச்சில் வந்த வாதத்தை மட்டும் வைத்துப் பள்ளிகளின் வரலாற்றை எழுதிவிட முடியாது.

ஆகவே பழைய மத்ரஸா கணக்கேடு யார் கைக்காவது கிடைத்தால், நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டி வாடகை, திரைத்துணி, பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆயாவின் சம்பளம், மதில் கட்டிய செங்கல் செலவு, இவற்றைத் தேடுங்கள். ஆயா சம்பளம் எந்த மாதத்தோடு நிற்கிறதோ, அதற்கு அடுத்த மாத வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.