எண்ணிக்கைத் தாளில் இல்லாதவர்கள்

கொரோனாவை உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11 அன்று அறிவித்தது. அதன் பிறகு சில வாரங்கள் கழித்து, எங்கள் குடியிருப்பில் வசிக்கும் செவிலியர் ஒருவர், மருத்துவமனைக் கேன்டீன் மூடிக்கிடப்பதாகவும், வெளியே உணவகங்களும் திறக்காததால் இரவுப் பணியில் இருப்பவர்கள் பிஸ்கட்டும் தண்ணீருமாகவே சமாளிப்பதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று மாலையே ஐந்து பேர் அலைபேசியில் கலந்து பேசினோம். வேலையின்றி நின்றுபோயிருந்த ஒரு சமையற்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, மறுநாள் நண்பகலில் நூறு பொட்டலங்களுடன் மருத்துவமனை வாசலில் போய் நின்றோம். எத்தனை பேருக்கு வேண்டும், எப்போது வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை.

வாயிற்காவலர் எங்களை உள்ளே விடவில்லை. அவர் செய்தது சரி. ஒரு மணி நேரம் கழித்துப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் பாதிக்கு மேல் யாரும் தொடாமலே குப்பைக்குப் போயின என்பது மாலையில்தான் தெரிந்தது. அதே நண்பகலில் வேறு இரண்டு குழுவினரும் உணவு கொண்டுவந்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். கவச உடையைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாதிருந்தது அதைவிடப் பெரிய காரணம். அந்த உடையை அணிந்துவிட்டால் கழற்றும் வரை தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்கும் போக முடியாது. அணிவதைவிடக் கழற்றும்போதுதான் தொற்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால் ஒவ்வொரு பகுதியாக, வரிசை தவறாமல், நிதானமாகக் கழற்ற வேண்டும். உடைகளுக்கே தட்டுப்பாடு நிலவிய அந்த நாட்களில், சாப்பிடுவதற்காக நடுவில் ஒன்றைக் கழற்றி வீணாக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே, அவர்களுடைய உணவு வேளையைத் தீர்மானித்தது கடிகாரம் அல்ல. உடையைக் கழற்றும் நேரம்தான்.

இரண்டாவது முறை கேட்டுவிட்டுத்தான் சமைத்தோம். செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் எங்களுக்குத் தொடர்பாளராக இருக்க ஒப்புக்கொண்டார். பகலில் உணவு வேண்டாம், அதைத் தர நிறையப் பேர் இருக்கிறார்கள், இரவு பத்து மணிக்குத் தர முடியுமா என்பதுதான் அவர் முதலில் கேட்டது. தினமும் மாலை நான்கு மணிக்குள் பிரிவுவாரியான எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புவார். எங்கள் வேலை முழுவதும் அந்தத் தாளை நம்பியே நடந்தது.

அந்தத் தாளிலும் ஒரு குறை இருந்தது. எங்கள் பெட்டிகளை வாசலில் வாங்கி உள்ளே தூக்கிச் செல்வதில் உதவிய இரவுக் காவலரிடம், ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து, உணவு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தனக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். விசாரித்தபோது, மருத்துவர்களும் செவிலியர்களும் மட்டுமே பட்டியலில் இருந்தது தெரிந்தது. தூய்மைப் பணியாளர்கள் ஓர் ஒப்பந்ததாரரின் கீழும், காவலர்கள் இன்னொருவரின் கீழும் வேலை பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், சலவைப் பிரிவினர், ஆய்வக நுட்புநர்கள், பிணவறை ஊழியர்கள் ஆகியோர் தனித்தனி வருகைப் பதிவேடுகளில் இருந்தார்கள். இவர்கள் அனைவரையும் ஒன்றாகக் காட்டும் பட்டியல் எதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லை. இதில் கண்காணிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. தன் கையில் இருந்த கணக்கைத்தான் அவர் தந்தார். நோயாளியின் கழிவை அள்ளுகிறவருக்கும் உடலைப் பொதிகிறவருக்கும் பசிக்கும் என்பது எங்களுக்குத் தோன்றாமல் போனதுதான் பிழை. அதன் பிறகு ஒவ்வொரு பிரிவின் மேற்பார்வையாளரையும் தனித்தனியே அழைத்து எண்ணிக்கை வாங்கினோம். கணக்கில் விடுபட்டவர்களுக்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்து, அந்தப் பெட்டியை மட்டும் வாசலிலேயே விட்டுவந்தோம். அது ஒரு நாளும் மீதியோடு திரும்பியதில்லை.

இரவு நேர விநியோகத்தில் சுவையைவிட வெப்பநிலைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. சமைத்த உணவு 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இருந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்றும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நாங்கள் பத்து மணிக்குக் கொடுக்கும் பொட்டலத்தை ஒருவர் நள்ளிரவு ஒரு மணிக்குப் பிரித்தால் அந்த விதி அங்கேயே உடைந்துவிடும். எனவே, உடனே உண்பவர்களுக்கானதை வெப்பம் காக்கும் பெட்டிகளில் அனுப்பினோம். பின்னிரவில் உண்பவர்களுக்கானதை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, விரைவாக ஆறவைத்து, குளிர்நிலையிலேயே கொண்டுபோய்ப் பணியாளர் அறையின் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். உண்ணும்போது அவர்களே ஆவி பறக்கச் சூடாக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் சமைத்த நேரம், உண்ண வேண்டிய கடைசி நேரம், ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள் ஆகியவற்றை எழுதி ஒட்டினோம். ஒரு நாள் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல், வாசலில் வைத்துப் பார்த்தபோது வெப்பமானி 48 காட்டியது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டி முழுவதையும் கொட்டினோம். அதற்காக எங்களுக்குள் மூண்ட சண்டை ஒரு வாரம் ஓயவில்லை. மறுநாள் பணிக்கு வர வேண்டியவர்களின் வயிற்றைக் கெடுத்துவிட்டு நல்ல மனத்துடன் செய்தோம் என்று சொல்வதில் என்ன பயன் என்பதே இன்றும் என் பதில்.

முதல் மாதங்களில் பொட்டலங்களின் மேற்புறத்தைக் கண்டு எல்லோரும் அஞ்சினார்கள். பிளாஸ்டிக்கின் மீது வைரஸ் 72 மணி நேரம் வரை இருக்கக்கூடும் என்று ஓர் ஆய்வக முடிவு வெளியாகியிருந்ததால், ஒவ்வொன்றையும் துடைத்தே அனுப்பினோம். உணவு வழியாக அது பரவுவதற்குச் சான்று இல்லை என்பதும், ஓய்வறையில் முகக்கவசத்தை இறக்கிவிட்டு அருகருகே அமர்ந்து உண்பதே மெய்யான ஆபத்து என்பதும் பின்னர் தெளிவாயின. பொதுப் பாத்திரத்தில் வைத்துப் பரிமாறுவதைத் தவிர்த்து ஆளுக்கொரு பொட்டலமாகக் கொடுத்த முடிவு, வேறு காரணத்துக்காக எடுத்ததுதான் என்றாலும், அப்போது கைகொடுத்தது. சமையற்கூடத்திலும் ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு அணிகளாக வேலை செய்தோம். ஓர் அணியில் ஒருவருக்குத் தொற்று உறுதியானபோது அந்த அணி முழுவதும் பதினான்கு நாட்கள் ஒதுங்கியிருந்தது; மற்ற அணி ஒரு வேளையும் தவறாமல் சமைத்தது.

நன்கொடையாளர்களில் சிலர் பணியாளர்கள் உணவைப் பெற்றுக்கொள்ளும் படங்களைக் கேட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரைப் பொட்டலத்துடன் சிரிக்கச் சொல்வது எங்களுக்குப் பிடிக்கவில்லை. படத்துக்குப் பதிலாக வரவு செலவுக் கணக்கை வாரந்தோறும் அனுப்பினோம். இருவர் விலகிக்கொண்டார்கள்.

ஏழாவது மாதத்தில் கேன்டீன் மீண்டும் திறந்தது, ஆனால் இரவு எட்டு மணி வரை மட்டும். இரவுக்கும் அதைத் திறந்துவைக்க நிர்வாகம் ஒப்புக்கொள்ளும்வரை மேலும் ஐந்து வாரங்கள் சமைத்தோம். கடைசி நாளில் வெப்பம் காக்கும் பெட்டிகளையும் வெப்பமானியையும் கேன்டீன் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தோம். எண்ணிக்கைத் தாளின் இறுதிப் படியையும் கொடுத்தோம். அதில் காவலர்களும் பிணவறை ஊழியர்களும் முதல் இரண்டு வரிகளில் இருந்தார்கள்.