கறுக்… கறுக்… கிளிமீன்

பவளத்திட்டுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் நிறத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு முதலில் கிடைத்தது சத்தம். காரணம் எளிது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு நான்கடிக்கு அப்பால் எல்லாமே கலங்கல். நீச்சல் மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது. பவர் வைத்த மாஸ்க் என்று ஒன்று விற்கிறார்கள் என்பது அப்போது தெரியாது. ஆகவே முதல் தடவை நான் பார்த்தது நீலத்தில் மஞ்சளும் பச்சையும் கரைத்து ஊற்றிய ஏதோ ஒன்று.

முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்துகொண்டிருந்தேன். யாரோ சரளைக்கல் மேல் செருப்போடு நடக்கிற மாதிரி, கறுக், கறுக் என்று கேட்டது. ஸ்நார்கெல் குழாயில் எதுவோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் கழற்றி உதறினேன். மறுபடியும் போட்டதும் அதே சத்தம். இடமா வலமா என்றும் புரியவில்லை. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுவதால் நம் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை. மேலே வந்து, கூட்டிப் போனவரிடம் கேட்டேன்.

“மீன் கடிக்குதுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைப் பார்த்துக்கொண்டேன்.

“உங்களை இல்லைங்க. கல்லை.”

அப்படித்தான் கிளிமீன் எனக்கு அறிமுகம். அடுத்த முறை போகும்போது பவர் மாஸ்க் வாங்கிவிட்டேன். வேறு எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கிளிமீனின் பின்னால் இருபது நிமிஷம் சுற்றினேன். முக்கால் அடி நீளம் இருக்கும். உடம்பு பச்சையும் நீலமும், கன்னத்தில் இளஞ்சிவப்புக் கோடுகள். பெயருக்குக் காரணம் அலகு என்கிறார்கள், அது சரிதான். ஆனால் நீந்துவதைப் பார்த்தால் அந்தப் பெயர் இன்னும் பொருந்துகிறது. வாலை ஆட்டுவதே இல்லை. பக்கத்துத் துடுப்புகள் இரண்டையும் சிறகுபோல் அடித்துப் பறக்கிறது. நான் கொஞ்சம் நெருங்கிப் போனபோதுதான் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிக் காணாமல் போனது. பாறை விளிம்பின் மறுபக்கம் போய்ப் பார்த்தால், அங்கே நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

கடித்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கீறல்கள். அலகு நடுவில் பிளந்திருப்பதால் வருகிற தடம் அது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் திட்டு முழுக்க இந்தக் கீறல்தான் தெரியும்.

இந்த அலகு ஒற்றை எலும்பு இல்லை. ஏறக்குறைய ஆயிரம் பற்கள், 15 வரிசையாக, ஒன்றோடு ஒன்று இறுகிப்போன கட்டு. முன்வரிசை தேய்ந்து உதிர, பின்வரிசை முன்னால் வருகிறது. 2017இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எக்ஸ்ரே கொண்டு இந்தப் பல்லை ஆராய்ந்தார்கள். பல்லின் எனாமல் ஃபுளோரபடைட் என்கிற கனிமம். அதன் படிகங்கள் தறியில் பாவும் ஊடும் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. நுனிக்குப் போகப் போக இழை மெலிகிறது, கடினம் கூடுகிறது. கல்லைக் கடித்தும் பல் உடையாததன் ரகசியம் இந்த நெசவில்தான் இருக்கிறது.

அது ஏன் கல்லைக் கடிக்க வேண்டும்? நான் நெடுநாள் பவளத்தைத் தின்கிறது என்றே நினைத்திருந்தேன். பெரும்பாலான இனங்கள் உயிருள்ள பவளத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. செத்த பவளத்தின் மேல் படரும் பாசி, அதற்கும் உள்ளே கல்லுக்குள் துளைத்துக்கொண்டு வாழும் நுண்ணுயிர்கள், குறிப்பாகச் சயனோபாக்டீரியா, இவைதான் இலக்கு. சாப்பாடு சுவருக்குள் இருக்கிறது, ஆகவே சுவரையே சாப்பிடுகிறது. உள்ளே போன கல்லைத் தொண்டையில் இருக்கிற இன்னொரு ஜோடிப் பல்தகடுகள் அரைக்கின்றன. நல்ல அம்மி. இந்த மீனுக்கு இரைப்பை கிடையாது. அரைத்தது நேராக நீண்ட குடலுக்குப் போகிறது. வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெள்ளைப் புகைபோல் பின்னால் விட்டுக்கொண்டே போகிறது. நான் துரத்தியபோது என் மாஸ்க்கின் மேல் ஒரு தடவை தூவியது. வேண்டுமென்று செய்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

“வெள்ளை மணற்கரை எல்லாம் மீன் கழிவு” என்று சொல்லிச் சிரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மாலத்தீவின் வக்கரு தீவைச் சுற்றியுள்ள திட்டில் எடுத்த கணக்கு 2015இல் வெளியானது. அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்களின் வேலை. ஹாலிமெடா என்கிற சுண்ணாம்புப் பாசி ஒரு 10 சதவீதம் தருகிறது. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கிற தீவு அது. மணல் வரத்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

எல்லாக் கிளிமீனும் ஒரே அளவு கடிப்பதில்லை. சிலது மேலாகச் சுரண்டும், சிலது தோண்டும். தோண்டுவதில் ராஜா, நெற்றியில் புடைப்பு வைத்த பெருங்கிளிமீன். ஒன்றேகால் மீட்டர் தாண்டி வளரும், எடை 40 கிலோவுக்கு மேல் போகும், கூட்டமாக மேயும். இது உயிருள்ள பவளத்தையும் விடாது; உணவில் பாதி அதுதான். ஒரே மீன் ஒரு வருஷத்தில் 5 டன்னுக்கு மேல் திட்டைக் கடித்து விழுங்குகிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். அதில் நான் மட்டும் ஏமாறவில்லை என்பது ஆறுதல். அன்று என் பச்சை மீனோடு மங்கிய பழுப்பில் ஏழெட்டு மீன்கள் திரிந்தன. வேறு ஏதோ இனம் என்று ஒதுக்கிவிட்டேன். அவை அதன் பெண்கள். மீனியல் ஆட்களே இப்படித்தான் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று பெயர் வைத்து, 350 இனங்களுக்கு மேல் பட்டியலிட்டிருந்தார்கள். குழப்பம் தீர்ந்த பிறகு மிஞ்சியது நூறு சொச்சம்கூட இல்லை. பல இனங்களில் மீன் முதலில் பெண். கூட்டத்து ஆண் போய்விட்டால், இருப்பதில் பெரிய பெண் சில வாரங்களில் ஆணாகி, அந்தப் பச்சை நீலத்தையும் போட்டுக்கொள்கிறது. நடுவில் சில கள்ளர்களும் உண்டு. பிறவியிலேயே ஆண், ஆனால் பெண்ணின் பழுப்பிலேயே திரிந்து, முட்டையிடும் நேரத்தில் சரேலென்று உள்ளே புகுந்துவிடுகிற ஆட்கள். நான் பார்த்த ஏழெட்டில் எத்தனை பெண்ணோ!

எனக்கு மிகவும் பிடித்தது ராத்திரிதான். கிளிமீன் பகலில் மட்டும் வேலை செய்யும், இருட்டியதும் பொந்து பார்த்துப் படுத்துவிடும். ஒரு முறை டார்ச்சோடு இரவில் இறங்கினோம். கல்லிடுக்கில் ஒரு கிளிமீன், அதைச் சுற்றிக் கண்ணாடிபோல் ஒரு பை. வெளிச்சம் சாய்வாகப் பட்டபோதுதான் பை இருப்பதே தெரிந்தது. பையின் மேல் மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. உள்ளே வாய் மெல்லத் திறந்து மூடியது. செவுள் பக்கத்துச் சுரப்பிகளிலிருந்து சளியைச் சுரந்து, வாய்வழியாக ஊதிக் கட்டுகிற கூடு இது. சில இனங்கள்தான் கட்டும். நான் வெளிச்சத்தை அதிக நேரம் வைத்துவிட்டேன். மீன் விழித்துக் கூட்டைக் கிழித்துக்கொண்டு இருட்டில் ஓடியது. அன்றைய குற்றவுணர்ச்சி இன்னும் போகவில்லை.

வாசனையை மறைத்து விலாங்கிடமிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கூடு என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேறு ஒன்றைச் சோதித்தார்கள். இரவில் மீனின் ரத்தம் குடிக்கிற நேதிட் என்ற பொடி ஒட்டுண்ணிகள் உண்டு. கூடு இல்லாத மீன்களில் 94 சதவீதம் கடி வாங்கின; கூட்டுக்குள் இருந்தவற்றில் 10 சதவீதம்தான். பகலில் இந்த ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னத் துப்புரவு மீன்கள் இருக்கின்றன, ராத்திரி அவையும் தூங்கிவிடும். ஆகவே கொசுவலை. அந்த ஆய்வாளர்களே தலைப்பில் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு நாளைய சக்தியில் இரண்டரை சதவீதம் இதற்குச் செலவாகிறது. ஒரே ராத்திரிக்கு ஒரு வலை, நாளைக்குப் புதிது. நான் கிழிய வைத்ததற்கு அது இன்னொன்று கட்டியதா என்று பார்க்கப் போகவில்லை.

பெருங்கிளிமீனுக்குத் தூக்கமே எமன். ஆழம் குறைந்த இடத்தில் கூட்டமாகப் படுக்கிற பழக்கம் அதற்கு. டார்ச்சும் குத்தீட்டியும் வந்த பிறகு, ஒரே இரவில் ஒரு கூட்டத்தையே வாரிவிட முடிகிறது. பல இடங்களில் இப்போது அரிதாகிவிட்டது. மீன்பிடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 40 வருஷம் வாழக்கூடிய மீனைத் தூக்கத்தில் குத்துவது எனக்கு ஒப்பவில்லை. கரீபியனில் 1983-84இல் பாசி மேய்ந்துவந்த நீள்முள் கடல்முள்ளெலிகள், அதாவது உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் உருண்டைக் கடல்பிராணிகள், கூட்டம்கூட்டமாகச் செத்த பிறகு, திட்டுகளில் பாசியை மேய்கிற பொறுப்பு பெரும்பாலும் கிளிமீன் தலையில் விழுந்தது. பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிக்கவே தடை போட்டது.

போன வாரம் பரணிலிருந்து என் நீச்சல் ஷூவை எடுத்தேன். உள்ளே மடிப்பில் ஒரு சிட்டிகை மணல் இருந்தது. வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தட்டையாகச் செதில்போல் இருந்தவை ஹாலிமெடாவாக இருக்கலாம். ஒன்று ஏதோ சங்கின் முறுக்கு. மிச்சமெல்லாம் முனை மழுங்கிய வெள்ளைத் துணுக்குகள். ஒன்றில் பவளக் குழியின் பாதி தெரிந்தது. இதில் எது அலை உடைத்தது, எது அந்தத் தொண்டை அம்மியில் அரைபட்டது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. லென்ஸை வைத்துவிட்டு இன்னொரு ஷூவைத் தட்டினேன். அதிலிருந்தும் கொஞ்சம் விழுந்தது.