சித்தியின் பயாப்சி ரிப்போர்ட்

நேற்று காசிமேட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆபரேஷன் தழும்பு கழுத்தில் மெல்லிய கோடாக ஆறியிருக்கிறது. நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டார்: "பத்து வருசமா தைராய்டு மாத்திரை போட்டுனுதான கீறேன், அப்பால எப்டிடா இது வந்துச்சு?"

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பாப்பில்லரி கார்சினோமா, அதாவது தைராய்டில் வரும் ஒரு வகைப் புற்று; கூடவே ஹாஷிமோட்டோ. 1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு நோயாளிகளின் சுரப்பியில் கண்டு எழுதிய அதே நோய். உடம்பைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே தைராய்டுக்குள் புகுந்து அடிக்கும்.

இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமில்லை. எது முதலில் என்பதில்தான் சண்டை. நாள்பட்ட அழற்சி செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கலாம் என்பது ஒரு கட்சி. எனக்குப் பிடித்தது மறுபக்கம்: புற்றுதான் முதலில், அழற்சி அதன் பின்னால். ரெட் என்ற மரபணு உடைந்து வேறொன்றோடு தப்பாக ஒட்டிக்கொண்டால், செல்லைப் பெருகச் சொல்வதோடு அது நிற்பதில்லை. அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருள்களையும் சுரக்க வைத்து வெள்ளணுக்களை வரவழைக்கிறது. திருடனே போலீசுக்குப் போன் போட்ட மாதிரி! இந்தப் புற்றில் அதிகம் தென்படுவது என்னவோ, செல்லைப் பெருகத் தூண்டும் பிராஃப் என்ற புரதத்தின் 600ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறுவதுதான். சித்தியின் கட்டிக்கு மரபணு சோதனை எதுவும் செய்யவில்லை.

ஹாஷிமோட்டோ உள்ள பெரும்பாலானோருக்குப் புற்று வருவதே இல்லை, அதனால் யாரும் பதற வேண்டாம். இதை வீட்டில் சொன்னதும் அக்கா உடனே தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

சித்தி எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, மாத்திரைய நிறுத்தலாமா கூடாதா?" என்றார். கூடாது சித்தி.