கவிதை மூச்சு விடும் இடம்

வடசென்னை வியாசர்பாடியில் என் அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய அறை ஒன்று இருக்கிறது. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட இரண்டு கம்பளிகள், நிமிர்த்தி வைத்த ஒரு பழைய மெத்தை, கதவிடுக்கில் சுருட்டிச் செருகிய லுங்கி, ஒரு லேப்டாப், ஒரு மைக். இவ்வளவுதான் அக்கா மகனின் ஒலிப்பதிவுக் கூடம். மின்விசிறியின் சத்தம் மைக்கில் விழும் என்பதால் பதிவு தொடங்கியதும் அதை நிறுத்திவிடுவான். மே மாதத்தில் அந்த அறையில் நான்கு நிமிடம் நின்று பாடுவது ஏறக்குறையத் தீ மிதிப்பது போன்ற ஒரு வேண்டுதல்.

சென்ற ஆண்டு அந்த அறையில்தான் என் கவிதை ஒன்றை முதல்முறையாகத் தாளத்துக்கு வாசித்துப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் எழுதுகிறேன். பகலில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்கு கேட் பாஸ் எழுதுகிறேன். ஆகவே எழுத்து எனக்குப் புதிதல்ல என்று நினைத்திருந்தேன். எட்டு வரிகூட முடியவில்லை, பையன் தாளத்தை நிறுத்திவிட்டான்.

“இன்னா மாமா, கூட்ஸ் வண்டி மாரி போய்க்கினே கீற? நடுவுல எங்க மூச்சு வுடுவ?”

தாளில் அழகாக மடித்து வைத்த வரிகள் வாய்க்குள் வந்ததும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வரியை எங்கே முறிப்பது என்பதைக் கண்ணால் மட்டுமே இத்தனை ஆண்டுகளாக முடிவு செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் கரீபியக் கவிஞர்களிடம் போனேன். கவிதையிலிருந்து இசைக்குப் போகும் பாதையில் அவர்கள் அளவுக்கு நடந்தவர்கள் குறைவு. அந்தப் பாதையின் ஒரு கிளைதான் பிற்பாடு ஹிப்ஹாப் என்று பெயர் பெற்றது.

ஹிப்ஹாப் என்றாலே நியூயார்க் என்று சொல்லிவிடுகிறோம். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் தன் தங்கை நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து பன்னிரண்டு வயதில் அமெரிக்கா போனவர். பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காகத் தங்கை ஏற்பாடு செய்த விருந்து அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். ஆளுயர ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கி ஊரையே ஆட வைக்கும் கிங்ஸ்டன் ‘சவுண்ட் சிஸ்டம்’ பழக்கம் அவரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்து அம்மன் கோயில் தெருவில் ஒரு முறை நின்றிருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜமைக்காவில் தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டும் மறுபக்கத்தில் பாடகரின் குரலை எடுத்துவிட்ட வெறும் இசையும் இருக்கும். அதற்கு ‘வெர்ஷன்’ என்று பெயர். அந்த வெற்றிடத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியும் பாடியும் கூட்டத்தைக் கிளப்பியவர்களில் யூ-ராய் முதன்மையானவர். 1970இல் அவர் பேசிய தட்டுகள் அந்நாட்டு விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தன. அவரைக் கவிஞர் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் மரண வீட்டுப் பந்தலில் விடிய விடியப் பாடுகிறவரை நாம் கவிஞர் என்று சொல்லாததைப் போல.

அங்கே கவிஞர்கள் என்று மதிக்கப்பட்டவர்களின் சிக்கல் வேறு. பார்படாஸ் தீவுக் கவிஞர் கமாவ் பிராத்வெயிட் ஓரிடத்தில் குறிப்பிடுகிறார்: பனியையே பார்த்திராத தீவுப் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில் கரும்புத் தோட்டத்தின் மேல் பனி பெய்ததாக எழுதினார்களாம். ஆங்கிலேயரின் ஐஞ்சீர் அடிக்குள் தங்கள் தீவின் சூறாவளியை அடக்க முடியாது என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதி வகுப்பில் கைதட்டல் வாங்கிய முதல் கவிதை தென்றலைப் பற்றியது. எங்கள் வீட்டு சன்னலுக்குக் கீழே ஓடியது கேப்டன் காட்டன் கால்வாய். அந்த சன்னல் வழியாக என்ன காற்று வந்திருக்கும் என்பதை இந்தப் பகுதிக்காரர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஜமைக்காவின் லூயிஸ் பென்னட் இந்தப் பள்ளிக்கூடப் பனியை நாற்பதுகளுக்கு முன்பே உதறியவர். சிறுமியாக இருந்தபோது நன்றாக உடுத்திக்கொண்டு ட்ராமில் ஏறப் போயிருக்கிறார். உள்ளே கூடையோடு உட்கார்ந்திருந்த சந்தைக்காரி ஒருத்தி, இடத்தை அந்தச் சீமாட்டி பிடித்துவிடப் போகிறாள், நன்றாகப் பரப்பி உட்கார் என்று தன் தோழியிடம் சொன்னாளாம். அந்தப் பேச்சு அப்படியே அவருடைய கவிதையாயிற்று. அந்த மொழியில் எழுதியதற்காகவே அவரைக் கவிஞர் வரிசையில் வைக்கப் பல காலம் தயங்கினார்கள். காசிமேட்டிலிருந்து கூடையோடு பேருந்தில் ஏறும் அம்மாக்கள் நடத்துநரிடம் பேசும் பேச்சைத் தினமும் கேட்டுக்கொண்டு போகிற நான், அதில் ஒரு சொல்லைக்கூடக் கவிதைக்குள் விட்டதில்லை. ஒரே ஒருமுறை விட்டேன். அந்தக் கவியரங்கத்தின் தலைவர் மேடையிலேயே, “இது பாஷை, மொழி அல்ல,” என்றார். அரங்கமும் சிரித்தது. நானும் அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்தச் சொற்களை வீட்டு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த வரிசையில் நான் அதிகம் தங்கிப் படித்தவர் லின்டன் குவேசி ஜான்சன். அவர் ராப் பாடகர் அல்லர். தன்னை எப்போதும் கவிஞர் என்றே சொல்லிக்கொள்பவர். ஆயினும் சொந்தமாகப் பாட்டு வெளியிட நினைக்கும் எந்த ஹிப்ஹாப் பையனுக்கும் அவருடைய வழிதான் நேர்வழி என்பது என் எண்ணம். 1952இல் ஜமைக்காவின் கிராமப்புறத்தில் பிறந்து, பாட்டியிடம் வளர்ந்து, 1963இல் தாயிருந்த லண்டன் பிரிக்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். பள்ளி நாளிலேயே கறுப்பினத்தவர் இயக்கமொன்றின் இளைஞர் பிரிவில் சேர்ந்தார். புத்தகமும் கவிதையும் அங்கேதான் அறிமுகம். பிறகு முரசடிக்கும் சிலரோடு கூடி, அவர்கள் அடிக்க இவர் வாசிக்க என்று பழகினார். 1975இல் புத்தகமாக வந்த கவிதைகள் 1978இல் இசைத்தட்டாக வந்தன. பார்படாஸில் பிறந்த இசைக்கலைஞர் டென்னிஸ் போவெல் அன்று தொடங்கிப் பல ஆண்டுகள் அவருக்குத் துணை நின்றார்.

இதில் நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டது ஒன்றுண்டு. எழுதி முடித்த கவிதைக்கு ஒருவர் மெட்டுப் போட்டுத் தந்தார் என்று எண்ணியிருந்தேன். தட்டைக் கேட்டால் அப்படி இல்லை. எழுதும்போதே அந்த வரிகளுக்கு அடியில் ஒரு பேஸ் கிட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இசைக்குழு இல்லாமல் அவர் தனியாக நின்று வாசிக்கும்போதும் அதே தாளம் கேட்கிறது. ஜமைக்க இசையான ரெகேயில் ‘ஒன் ட்ராப்’ என்று ஒரு தாளக்கட்டு இருக்கிறது: நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கை வெறுமையாக விடப்படும், மூன்றாவதில் அடி இறங்கும். நம் காதுக்கு முதலில் விழ வேண்டிய சமம், அதாவது தாளத்தின் தொடக்க அடி, அங்கே காலியாக இருக்கிறது. அக்கா மகன் கேட்ட மூச்சு அந்தக் காலியிடத்தில்தான் இருந்தது.

1979இல் வெளியான அவருடைய கவிதை ஒன்று, பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து மகன் தாய்க்கு எழுதும் கடிதம். பேருந்துக்காக நின்றிருந்த தம்பியைப் போலீசார் பிடிக்கிறார்கள். அண்ணன் தடுக்கப்போய்க் கைகலப்பாகி ஒரு போலீஸ்காரர் இறந்துபோகிறார். தம்பி மீது சந்தேக வழக்கு, அண்ணன் மீது கொலை வழக்கு. 1824ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் பிரிவை வைத்து, சந்தேகத்தின் பேரில் கறுப்பின இளைஞர்களைப் பிடிப்பது அன்றைய லண்டனில் அன்றாடம் நடந்தது; 1981இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சந்தேக கேஸ் என்ற சொல்லை அகராதி பார்க்காமலே புரிந்துகொள்ளும் தெருவில் வளர்ந்தவன் நான் என்பதால், அந்தக் கவிதையை முதலில் கேட்ட இரவு யார்டில் இரண்டு லாரிகளுக்கு எண் மாற்றி எழுதிவிட்டேன்.

பெரிய நிறுவனங்கள் வழியாகச் சில தட்டுகள் வந்த பிறகு, 1981இல் ஜான்சன் தன் பெயரிலேயே சொந்த இசைத்தட்டு லேபிள் தொடங்கினார். அடுத்த ஆண்டு வெளிவந்த, இளம் ஜமைக்கக் கவிஞர் மைக்கேல் ஸ்மித்தின் தட்டைப் போவெலோடு சேர்ந்து தயாரித்துக் கொடுத்தார். அரசியல் கூட்டமொன்றில் அமைச்சரைக் குறுக்கிட்டுப் பேசிய மறுநாள், 1983 ஆகஸ்டில், அந்த ஸ்மித் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டார். ஜான்சனின் கவிதைகளைப் பெங்குவின் நிறுவனம் 2002இல் தன் நவீனச் செவ்வியல் வரிசையில் சேர்த்தது. உயிரோடிருக்கும்போதே அந்த வரிசையில் இடம்பெற்ற கவிஞர்களில் அவர் இரண்டாமவர், கறுப்பினக் கவிஞர்களில் முதலாமவர். பேச்சுமொழியில் கவிதை எழுதிய அவரே கட்டுரைகளை நல்ல ஏட்டு ஆங்கிலத்தில் எழுதியவர். இந்தக் கட்டுரையை மட்டும் ஏன் இப்படிப் புத்தகத் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்கப் போகிறவர்களுக்கு அதுவே என் பதில்.

அவர்கள் பாதையை அப்படியே இங்கே விரித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே கவிஞர்கள் முரசைத் தேடிப் போனார்கள். இங்கே புளியந்தோப்பிலும் தண்டையார்பேட்டையிலும் முரசு முன்பே இருந்தது. மேசையும் பக்கெட்டும் டோலக்கும் இருந்தன. கானா பாடியவரின் எதுகை மோனைக்கு எந்தப் புலவரும் குறை சொல்ல முடியாது. குறைந்தது ஒன்றுதான், பாடியவரைக் கவிஞர் என்று எழுதி வைக்கும் கை. மெட்டு சினிமாவுக்குப் போய் ஆள் தெருவிலேயே நின்ற கதைகள் எங்கள் பக்கம் சந்துக்குச் சந்து உண்டு. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் நின்றன. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து எடுத்தது. அன்று முதல் எங்கள் தெருப் பையன்கள் பாட்டை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், எழுதியது யார் என்றும் கேட்கத் தொடங்கினார்கள். அக்கா மகன் அவர்களில் ஒருவன்.

பறை என்றதும் இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி கயானாவுக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள், அங்கே காளி வழிபாட்டில் அடிக்கும் கருவிக்கு இன்றைக்கும் ‘தப்பு’ என்றே பெயர். மொழி பெரும்பாலும் போய்விட்டது, அடி மட்டும் நின்றுவிட்டது. கன்டெய்னர்களில் என்ன போகிறது என்று நாள் முழுக்க எழுதுகிறவனுக்கு இந்தச் செய்தி தரும் கிறுகிறுப்பைச் சொல்லத் தெரியவில்லை.

சரி, என் பாட்டுக்கு வருகிறேன். பிரிக்ஸ்டன் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, மகனுக்குப் பதிலாகத் தாயைப் பேசவைக்க நினைத்தேன். புழல் சிறைக்கு ‘மனு’ பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரை மனுப் போட்டுப் பார்க்க, போகும் ஒரு தாய். முதலில் எழுதியபோது அது ‘சிறைவாயிலில் காத்திருக்கும் அன்னை’யாக இருந்தது, நான்காவது முறை எழுதியபோதுதான் ‘மனு’ என்ற சொல் உள்ளே வந்தது. முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டு, மூன்றாவதில் சொல்லை இறக்கப் பழகினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இடையில் தண்ணீர் லாரியின் ஹாரன் ஒன்று பதிவில் விழுந்துவிட்டது. “வுடு மாமா, இருக்கட்டும்,” என்று பையன் அதை அப்படியே வைத்துக்கொண்டான்.

நடுவில் எட்டு வரி இருந்தது. கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்கும் மகனிடம் தாய் தன் துயரமெல்லாம் சொல்லும் இடம். இருபது ஆண்டுகளில் நான் எழுதிய மிகச் சிறந்த எட்டு வரிகள் அவைதான் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. காபி கொண்டு வந்த அக்காவிடம் ஹெட்போனைக் கொடுத்தோம். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அந்த எட்டு வரி வந்ததும் கழற்றிவிட்டாள்.

“மனு பாக்க போறவ இவ்ளோ பேசமாட்டாடா. சுத்தி நாப்பது பேரு கத்திக்கினு இருப்பாங்கோ, ஒண்ணும் காதுல வுழாது. ‘சாப்டியா’ன்னு கேப்பா. அவ்ளோதான்.”

பத்து ஆண்டுகளுக்கு முன் ஏழு மாதம் அவள் வாரந்தோறும் எங்கே போய்வந்தாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. பையன் அந்த எட்டு வரியையும் இழுத்து நீக்கினான். தாளம் மட்டும் அப்படியே ஓடியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் மைக் முன்னால் போய் நின்றேன். எண்ணிக்கையை மனத்துக்குள் எண்ணி, முதலிரண்டை விட்டுவிட்டு, மூன்றாவதில், “சாப்டியா” என்றேன்.