கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம்

ஹபிள் தொலைநோக்கியின் கேமரா எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம்தான். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லப்போக, "அப்போ நாசா படமெல்லாம் போட்டோஷாப்தானே!" என்று சித்தப்பா பிடித்துக்கொண்டார். போனில் தட்டித் தட்டி விளக்கி மாளாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் பார்த்திருக்கும் 'படைப்பின் தூண்கள்' படத்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில், கழுகு நெபுலாவில் வாயுவும் தூசியும் தூண்களாக எழுந்து நிற்குமே, அதுதான். 1995 ஏப்ரல் 1 அன்று வானியலாளர்கள் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹபிளைக் கொண்டு எடுத்தது. ஃபில்டர்களை மாற்றி மாற்றி வைத்து எடுத்தார்கள். ஒன்று 673 நானோமீட்டர் அலைநீளத்தில் கந்தகத்தின் ஒளியை மட்டும் உள்ளே விடும். இன்னொன்று 656-இல் ஹைட்ரஜனை. மூன்றாவது 502-இல் ஆக்சிஜனை.

சிக்கல் முதல் இரண்டில்தான். 673, 656 இரண்டுமே நம் கண்ணுக்குச் சிவப்பு. உள்ளது உள்ளபடி வண்ணம் கொடுத்தால் கந்தகம் எது, ஹைட்ரஜன் எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் அலைநீளம் கூடிய கந்தகத்துக்குச் சிவப்பு, நடுவில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பச்சை, குறைந்த ஆக்சிஜனுக்கு நீலம் என்று வைத்தார்கள். வரிசை மாறவில்லை, இடைவெளியைத்தான் அகட்டியிருக்கிறார்கள்.

ஹபிளின் மூலக் கோப்புகள் இணையத்தில் யாருக்கும் இலவசம். நானும் இறக்கி, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் மூன்றையும் அடுக்கிப் பார்த்தேன். வந்தது பாசி பிடித்த குளம்! ஹைட்ரஜன் ஒளி மற்ற இரண்டையும் அமுக்கிவிடும் அளவுக்குப் பலமானது. பச்சையைக் கொஞ்சம் அடக்கி, கந்தகத்தைத் தூக்கிவிட்ட பிறகுதான் தூண்களின் விளிம்பில் அந்தப் பொன்னிறம் எட்டிப் பார்த்தது. எவ்வளவு அடக்குவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. அங்கே ரசனை நுழைகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் இல்லாத தூணை யாரும் வரைந்து வைக்கவில்லை.

சரி, நேரில் போய்ப் பார்த்தால்? ஏமாற்றம்தான். சின்னத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெறும் சாம்பல் புகை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது.

எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனைக் கடந்தபோது, மேகங்கள் தெரியவேண்டும் என்று படங்களின் நிறத்தை அழுத்தமாக்கி வெளியிட்டார்கள். அப்படிச் செய்திருப்பதைக் குறிப்பில் சொல்லவும் செய்தார்கள். படம் கைமாறக் கைமாறக் குறிப்பு உதிர்ந்துபோய்க் கருநீலம் மட்டும் நின்றுவிட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டின் பேட்ரிக் இர்வின் குழு, நெப்டியூனும் யுரேனஸும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சைநீலம்தான், நெப்டியூனில் நீலம் துளி கூடுதல், அவ்வளவே என்று காட்டியது. உடனே, விஞ்ஞானிகள் இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு கூச்சல்! அவர்கள் அன்றைக்கே சொன்னதை வெட்டி எறிந்தது யார்?

ஹபிள், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகளின் இணையதளங்களில் பெரும்பாலும் எந்த ஃபில்டருக்கு எந்த நிறம் என்ற பட்டியல் படத்தோடேயே இருக்கும். பார்வர்டில்தான் அது வராது.