பதினாறாம் அதிகாரத்தின் பெயர்கள்

புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதமாகிய ரோமருக்கு எழுதின நிருபத்தை வாசிக்கிறவர்களில் பலர் எட்டாம் அதிகாரத்தில் நின்று நிதானிக்கிறார்கள். பதினாறாம் அதிகாரத்தையோ விரைந்து கடந்துவிடுகிறார்கள். வாய்க்கு எளிதில் வராத பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முந்தைய பதினைந்து அதிகாரங்களில் போதிக்கப்பட்ட அன்பு ஒரு சபைக்குள் எப்படி நடமாடும் என்பதை அந்தப் பெயர்களே காட்டுகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கி.பி. 57ஆம் ஆண்டையொட்டி கொரிந்து பட்டணத்திலிருந்து அந்த நிருபத்தை எழுதியபோது, பவுல் ரோமாபுரியை ஒருமுறைகூடக் கண்டதில்லை. அப்படியிருந்தும் அங்குள்ள 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர்களுள் பலருக்கு அவரவருக்கே உரிய ஒரு சொல்லையும் சேர்த்துவைக்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவருடைய உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள். அன்றோனீக்கும் யூனியாவும் அவரோடு காவலில் இருந்தவர்கள். பெர்சியாள் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டவள். இந்தப் பெயர்களில் சில அக்காலத்து அடிமைகளிடையே பெருவழக்காக இருந்தவை என்று வேத அறிஞர்கள் கூறுகிறார்கள். யார் அடிமை, யார் எஜமான் என்று பிரித்துக்காட்டாமல் எல்லாரையும் ஒரே பந்தியில் பவுல் உட்காரவைத்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியுவுக்கும் அதில் இடம் கிடைக்கிறது. இருபத்திரண்டாம் வசனத்தில் தெர்தியு தம் பெயரைச் சொல்லித் தாமே வாழ்த்துகிறார். எழுத்துவேலை செய்தவரின் பெயரும் அப்போஸ்தலரின் நிருபத்துக்குள் வந்திருப்பதை எத்தனை முறை வாசித்தாலும் என் மனம் நெகிழ்கிறது.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது நம் வழக்கமன்றே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரியம்மா, சித்தப்பா, அண்ணன் என்று உறவுமுறை சொல்லி அழைப்பதில் இருக்கும் மரியாதையை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. பவுலும் அதே அதிகாரத்தில் ரூபுவைப் பெயர் சொல்லி வாழ்த்திவிட்டு, அவருடைய தாயைப் பெயர் சொல்லாமல், எனக்கும் தாயானவர் என்று குறிப்பிடுகிறார். அந்த அம்மையாரின் பெயரை அறிந்துதான் அப்படி எழுதியிருப்பார். உறவுமுறை சொல்லி அழைப்பது வேறு. பெயரே தெரியாததால் ஓர் உறவுமுறையை வைத்துச் சமாளிப்பது வேறு. நம் சபைகளில் 'பிரதர்', 'சிஸ்டர்' என்னும் சொற்கள் பல வேளைகளில் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன. ஆண்டுக்கணக்காக ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுகிறவர்கள் ஒருவர் பெயரை மற்றவர் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா, ஒலிபெருக்கி அமைக்கிற தம்பி, புதிய மண்டபம் கட்ட வடமாநிலங்களிலிருந்து வந்திருக்கிற தொழிலாளர்கள் ஆகியோரை நினைக்கும்போது இந்த வேதனை கூடுகிறது. இவர்களை அவர்கள் செய்யும் வேலையாலோ பேசும் மொழியாலோ மட்டுமே நாம் குறிப்பிடுகிறோம். நல்ல மேய்ப்பன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று யோவான் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த மேய்ப்பனாகிய இயேசு பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவரை, இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிடுகிற நாம் 'அந்த ஆள்' என்று சொல்வது பொருந்துமா? ஜெபத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. நோயாளிகள் அனைவரையும் ஆசீர்வதியும் என்று பொதுவாகக் கேட்கும்போது, நாளைக்கு யாரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற பொறுப்பு நம்மேல் விழுவதில்லை. ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டால், மறுநாள் அவருடைய வீட்டுவாசலைக் கண்டும் காணாமல் கடந்துபோவது கடினம்.

நம் மண்ணிலும் இதற்கு ஓர் அருமையான சாட்சி உண்டு. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள், 1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட 40 பேரின் பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்குவது வழக்கம். 1778இல் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையார் அந்தச் சிறிய சபையின் தூணாக இருந்தவர். பின்னாளில் லட்சக்கணக்கானோர் சேர்ந்த ஒரு திருச்சபை, நாற்பது பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்ததில் தொடங்கியது என்பதை நம் வாலிபர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டும்.

எல்லாருடைய பெயரையும் அறிந்திருப்பது ஆயரின் கடமை என்று விட்டுவிடுவதும் சரியாகாது. ஆயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிறார்கள். சபை மக்கள்தான் அங்கேயே இருக்கிறார்கள். புதிய ஆயர் பொறுப்பேற்கும்போது கணக்குப் புத்தகங்களையும் பதிவேடுகளையும் சாவிகளையும் முறைப்படி ஒப்படைக்கிறோம். அந்த வாரத்திலேயே, சபையை நன்கு அறிந்த ஒருவர் அவரைத் தெருத்தெருவாக அழைத்துச்சென்று, ஆராதனைக்கு வரமுடியாமல் படுக்கையில் இருக்கிறவர்கள் தொடங்கி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் வழக்கத்தை ஒவ்வொரு சேகரமும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.